முதல் ஸ்டூடியோ ஃப்ளாஷ்: எவ்வளவு ஏறும் என்பதைவிட எவ்வளவு இறங்கும் என்று பாருங்கள்

கேள்வி இது: "இதுவரை ஜன்னல் வெளிச்சத்தில்தான் போர்ட்ரெய்ட் எடுத்து வந்தேன். இப்போது முதல் ஸ்டூடியோ ஃப்ளாஷ் வாங்கலாம் என்றிருக்கிறேன். வீட்டில் ஓர் அறைதான் ஸ்டூடியோ. 200 வாட்ஸ் போதுமா, 400 வேண்டுமா, இல்லை ஒரேயடியாக 600 வாங்கிவிடலாமா? இரண்டு லைட், இரண்டு சாஃப்ட்பாக்ஸ் எல்லாம் சேர்ந்து வரும் கிட் வாங்குவது நல்லதா?"

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அறைக்குள் ஒருவரையோ இருவரையோ எடுக்க 200 முதல் 400 வரை தாராளம். கிட் வேண்டாம். ஒரே ஒரு நல்ல லைட், வெளிச்சத்தை மென்மையாக்கும் துணி கட்டிய ஒரு பெரிய சாஃப்ட்பாக்ஸ், ஆடாமல் நிற்கும் ஒரு ஸ்டாண்ட், கேமராவிலிருந்து லைட்டை அடிக்க வைக்கும், அந்த லைட்டுக்கே உரிய ட்ரிக்கர் ஆகிய நான்கும் போதும். ஆனால் காரணம் தெரியாமல் வாங்கினால், கடையில் இன்னொருவர் இன்னொரு பெட்டியைக் காட்டியதும் மனம் மாறிவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இந்த வாட்ஸ் கணக்கு. ஃப்ளாஷுக்குள் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று இருக்கிறது. கரண்ட் அதில் சேர்ந்து நிறையும். ஷட்டரை அழுத்தியதும் சேர்ந்ததெல்லாம் செனான் வாயு நிரப்பிய குழலுக்குள் ஒரே மூச்சில் பாய்ந்து வெளிச்சமாகிறது. பெட்டியின் மேல் போட்டிருக்கும் 200, 400 எல்லாம் அந்தக் கெப்பாசிட்டரில் எவ்வளவு ஆற்றல் சேரும் என்ற கணக்கு. முறையாகச் சொன்னால் வாட் செகண்ட், அதாவது ஜூல். பேச்சில் எல்லோருக்கும் அது வாட்ஸ் ஆகிவிட்டது. மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர் என்பதுபோல இது கொள்ளளவு மட்டும்தான். முகத்தில் வந்து விழும் வெளிச்சம் எவ்வளவு என்பதைக் குழல், ரிஃப்ளெக்டர், முன்னால் மாட்டும் துணி, தூரம் ஆகியவைதான் முடிவு செய்கின்றன. சாஃப்ட்பாக்ஸில் இரண்டு அடுக்கு வெள்ளைத் துணி போட்டாலே ஒன்றரை ஸ்டாப், இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை அது விழுங்கிவிடும் (ஒரு ஸ்டாப் இறங்கினால் வெளிச்சம் பாதி, ஏறினால் இரண்டு மடங்கு).

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கூடுவது ஒரே ஒரு ஸ்டாப். 200க்கும் 400க்கும் உள்ள வித்தியாசம், கேமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 100லிருந்து 200க்கு மாற்றினால் கிடைப்பதுதான். 400க்கும் 600க்கும் இடையில் அரை ஸ்டாப்பைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். எண்களைப் பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்போலத் தெரியும். படத்தில் ஒரு டயலை ஒன்றிரண்டு கிளிக் திருப்பிய அளவுதான் வரும்.

நான் முதலில் வாங்கியது 600 வாட்ஸ் லைட். பெரியதாக வாங்கிவிட்டால் பின்னால் யோசிக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். என் அறை மூன்றரை மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம். அந்த லைட்டில் பவரைக் குறைக்க முடிந்தது முழு பவரில் 1/16 பங்கு வரைதான். ஐஎஸ்ஓ 100, முகத்திலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் சாஃப்ட்பாக்ஸ், பவர் அடிமட்டத்தில். அப்படியும் எஃப் 5.6க்குக் கீழே அப்பர்ச்சரைத் திறந்தால் (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிதாகும்) நெற்றியும் மூக்கு நுனியும் வெளுத்துப் போகும். எனக்கு வேண்டியிருந்ததோ எஃப் 2.8. பின்னணி கரைந்து, கண் மட்டும் கூர்மையாக நிற்கும் படம். லைட்டைப் பின்னால் தள்ளினேன். வெளிச்சம் குறைந்தது, ஆனால் அந்த மென்மையும் கூடவே போய்விட்டது. லென்ஸில் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் மாட்டினேன். வியூஃபைண்டர் இருண்டது, ஆட்டோஃபோகஸ் தடுமாற ஆரம்பித்தது. கடைசியில் அந்த லைட்டை விற்றுவிட்டு, அதில் மூன்றில் ஒரு பங்கு வாட்ஸ் உள்ள ஒன்றை வாங்கினேன். அதற்குப் பிறகுதான் நினைத்த படம் வந்தது.

அதனால்தான் லைட் வாங்கப் போகும் எல்லோரிடமும் நான் முதலில் கேட்கச் சொல்வது, "இது எவ்வளவு இறங்கும்?" என்பது. கணக்கு எளிதுதான். 400 வாட்ஸ் லைட் ஒன்று, நடுத்தர சாஃப்ட்பாக்ஸ் வழியாக, ஒரு மீட்டர் தூரத்தில், முழு பவரில், ஐஎஸ்ஓ 100இல் சுமார் எஃப் 16 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாக்ஸுக்கு பாக்ஸ் கொஞ்சம் மாறும், ஆனால் இந்த வட்டாரத்தில்தான் இருக்கும். பவரைப் பாதியாக்கினால் எஃப் 11. கால் பங்கு என்றால் எஃப் 8. 1/8க்கு எஃப் 5.6, 1/16க்கு எஃப் 4, 1/32க்கு எஃப் 2.8. ஆக 1/16 வரை மட்டும் இறங்கும் லைட்டில் எஃப் 4தான் எல்லை. 1/128 வரை இறங்கும் லைட்டில் எஃப் 1.4 வரைகூடப் போகலாம். 50 மில்லிமீட்டர், 85 மில்லிமீட்டர் என்று ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ் வாங்கி வைத்திருப்பவருக்கு, அந்த லென்ஸைத் திறந்து வைத்து எடுக்க முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிப்பதே இந்த அடிமட்டம்தான்.

எனவே விவரப் பட்டியலில் "பவர் ரேஞ்ச்" என்ற வரியைத் தேடுங்கள். 1/16, அதாவது நான்கு ஸ்டாப் மட்டும் இறங்கும் என்று போட்டிருந்தால் சிறிய அறைக்கு இடிக்கும். 1/32 என்றால் ஓரளவு சமாளிக்கலாம். 1/128, 1/256 என்றிருந்தால் கவலையே இல்லை. உதாரணத்துக்கு, கோடாக்ஸ் ஏடி200 என்ற பேட்டரி லைட் 200 வாட்ஸ், 1/128 வரை இறங்கும். அதாவது ஒன்றரை ஜூல் அளவுக்குப் போய்விடும். நான் பட்ட பாட்டைச் சொன்னேனே, அந்த லைட்டின் அடிமட்டம் 37 ஜூலுக்கு மேல். இரண்டுக்கும் நடுவில் நாலரை ஸ்டாப் இருக்கிறது.

பெரிய பவர் வேண்டவே வேண்டாமா என்றால், வேண்டிய இடங்கள் உண்டு. முக்கியமானது வெயில். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125 வைத்தால் அப்பர்ச்சர் எஃப் 16 கேட்கும் என்பது பழைய ஃபிலிம் காலத்துக் கணக்கு. மேலே சொன்ன 400 வாட்ஸ் லைட்டும் முழு பவரில் அதே எஃப் 16தான் தருகிறது. அதாவது சூரியனுக்குச் சமமாக நிற்கவே முழு மூச்சும் தேவை. வானத்தை இருட்டாக்கி முகத்தைத் தூக்கிக் காட்ட வேண்டுமென்றால் 600 தேவைப்படும், அல்லது துணி இல்லாமல் வெறும் ரிஃப்ளெக்டரோடு அடிக்க வேண்டியிருக்கும். எட்டுப் பேர், பத்துப் பேர் நிற்கும் குடும்பப் படத்துக்கும் அதுதான் நிலை. லைட்டை மூன்று, நான்கு மீட்டர் தள்ளி வைக்க வேண்டும், எல்லோரும் ஃபோகஸில் இருக்க எஃப் 8 வைக்க வேண்டும். உங்கள் வேலை இவைதான் என்றால் 400, 600 பக்கம் போங்கள். ஆனால் நீங்கள் கேட்டது ஓர் அறை, ஒரு முகம்.

அடுத்தது, பிளக்கா பேட்டரியா? பிளக்கில் மாட்டும் மோனோலைட் (எல்லாம் ஒரே உடலுக்குள் இருக்கும் ஸ்டூடியோ ஃப்ளாஷ்) அதே பவருக்கு மலிவு, சார்ஜ் தீர்ந்துபோகும் கவலையும் கிடையாது. பேட்டரி லைட்டுக்கு அதிகம் கொடுக்க வேண்டும், சில வருடங்களில் பேட்டரியையும் மாற்ற வேண்டியிருக்கும். அறையை விட்டு வெளியே போகவே மாட்டேன் என்பவருக்குப் பிளக் வகை போதும். மாதத்துக்கு ஒருமுறையாவது மொட்டை மாடி, பூங்கா, யார் வீட்டுக்காவது போய் எடுப்பது என்றிருந்தால் பேட்டரி வகையே வாங்குங்கள். இன்னொரு விஷயம், பழைய பாணிப் பிளக் லைட்டுகள் பலவும் 1/16, 1/32 வரைதான் இறங்கும். புதிய பேட்டரி லைட்டுகள் பெரும்பாலும் அதற்குக் கீழே போகும். சிறிய அறைக்காரர்களுக்கு இது ஒன்றே பேட்டரி வகையின் பக்கம் சாயக் காரணமாகலாம்.

"ஏற்கனவே கேமரா மேல் மாட்டும் ஸ்பீட்லைட் இருக்கிறது, அதை வைத்து ஓட்டலாமா?" என்றும் பலர் கேட்பார்கள். தாராளமாக ஓட்டலாம். அதில் இருப்பது சுமார் 60, 70 ஜூல். ஒரு வெள்ளைக் குடை வழியாக முகத்துக்குப் பக்கத்தில் வைத்து அடித்தால் எஃப் 4, எஃப் 5.6க்குப் போதுமானது. குறை எங்கே தெரியும் என்றால், அதன் தலை முன்பக்கம் மட்டும் அடிக்கும். பெரிய சாஃப்ட்பாக்ஸுக்குள் வைத்தால் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு விழுந்து ஓரமெல்லாம் மங்கும். தொடர்ந்து முழு பவரில் அடித்தால் சூடாகி நின்றுவிடும். ஸ்டூடியோ லைட்டில் குழல் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் வெளிச்சம் பாக்ஸின் சுவரெல்லாம் பட்டு, முன் துணி முழுக்கச் சமமாகப் பரவும்.

எல்இடி லைட்டையும் இதோடு ஒப்பிடுகிறார்கள். வீடியோவும் எடுப்பவருக்கு எல்இடி நல்ல துணைதான். போர்ட்ரெய்ட் மட்டும் என்றால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 வாட் எல்இடி, 1/125 வினாடி திறந்திருக்கும் ஷட்டருக்குள் செலவழிப்பது அரை ஜூலுக்கும் குறைவு. ஃப்ளாஷோ தன் 200 ஜூலையும் அந்த ஒரு கணத்துக்குள் கொட்டிவிடும். எல்இடி கரண்ட்டை இன்னும் சிக்கனமாக வெளிச்சமாக்கும் என்பதைச் சேர்த்துக்கொண்டாலும் இடைவெளி பெரியது. அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டும், அல்லது எதிரில் இருப்பவர் கண்கள் கூசக் கூச லைட்டை முகத்துக்கு நேரே வைக்க வேண்டும். கண் கூசினால் கருவிழிக்குள் இருக்கும் பாப்பா சுருங்கும், இமை இறுகும். போர்ட்ரெய்ட்டில் அது உடனே தெரிந்துவிடும்.

இப்போது பலர் கவனிக்காமல் விடும் விஷயம், லைட்டின் வாய். சாஃப்ட்பாக்ஸ், ரிஃப்ளெக்டர், வெளிச்சம் சிதறாமல் தடுக்கும் கிரிட் எல்லாம் லைட்டில் மாட்டும் இடம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. போவன்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் எஸ் வகை வாய்தான் இன்று மிகப் பரவலாக இருப்பது. அந்தக் கம்பெனி 2017இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அதன் வாயை எத்தனையோ பேர் எடுத்துக்கொண்டதால், கம்பெனி போனபிறகும் அந்த அளவு மட்டும் நிலைத்துவிட்டது. புரோஃபோட்டோ, எலின்க்ரோம் போன்றவை தங்கள் சொந்த வகையை வைத்திருக்கின்றன. அருமையான லைட்டுகள்தான், ஆனால் அவற்றில் மாட்டும் ஒவ்வொன்றுக்கும் அதற்கேற்ற விலை. முதல் லைட் போவன்ஸ் வாயாகவோ, போவன்ஸ் அடாப்டர் எளிதில் கிடைக்கும் வகையாகவோ இருக்கட்டும். ஐந்து வருடம் கழித்து லைட்டை மாற்றுவீர்கள், சாஃப்ட்பாக்ஸை மாற்ற மாட்டீர்கள்.

மாடலிங் லாம்ப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். குழலுக்குப் பக்கத்தில் தொடர்ந்து எரியும் சிறிய பல்பு அது. பழைய வகையில் 150 வாட் ஹாலஜன், புதியவற்றில் எல்இடி. படத்தில் அதன் வெளிச்சம் பதிவதில்லை என்று சொல்லிப் பலர் அதை அணைத்தே வைத்திருக்கிறார்கள். கற்றுக்கொள்ளும் காலத்தில் உங்களுக்கு ஆசிரியர் அதுதான்.

கண்ணாடி போட்ட ஒரு பாட்டி உங்கள் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு மாடலிங் லாம்பை மட்டும் எரிய விடுங்கள். இரண்டு கண்ணாடியிலும் சாஃப்ட்பாக்ஸ் வெள்ளைக் கட்டமாகத் தெரியும், அதற்குப் பின்னால் கண்களே தெரியாது. ஸ்டாண்டை ஒரு சாண் உயர்த்துங்கள். கட்டங்கள் மேலே நகர்ந்து ஃபிரேமின் விளிம்பைத் தொடும். இன்னும் நாலு விரல் உயர்த்தினால் மறைந்துவிடும். ஆனால் அதே நேரத்தில் மூக்கின் நிழல் உதட்டை நோக்கி நீள்வதையும், கண்குழி இருட்டுவதையும் பாருங்கள். இதற்கு மேல் உயர்த்தக் கூடாது. இப்போது "பாட்டி, தாடையை மட்டும் கொஞ்சம் கீழே இறக்குங்கள்" என்று சொல்லுங்கள். கண்ணாடி கீழ்நோக்கிச் சாய்வதால், இனி ஸ்டாண்டைக் கொஞ்சம் இறக்கினாலும் பிரதிபலிப்பு வராது, கண்ணில் வெளிச்சம் வந்து உட்காரும். மாடலிங் லாம்ப் இல்லாவிட்டால் இதை இருபது படம் எடுத்து, ஒவ்வொன்றாகத் திரையில் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குள் பாட்டி களைத்துவிடுவார். எனவே நல்ல மாடலிங் லாம்ப் உள்ள லைட்டாகப் பாருங்கள். மேலே சொன்ன ஏடி200ஐ வெறும் குழல் தலையோடு பயன்படுத்தினால் மாடலிங் லாம்ப் கிடையாது. கையடக்கமான லைட்டாக இருப்பதற்கு அது கொடுக்கும் விலை அது.

ரீசைக்கிள் நேரம் என்று இன்னொரு வரி இருக்கும். அடித்த பிறகு கெப்பாசிட்டர் மறுபடி நிறைய எடுக்கும் நேரம். நிறைந்ததும் லைட் "பீப்" என்று குரல் கொடுக்கும். போர்ட்ரெய்ட்டுக்கு அவசரம் என்ன, மூன்று வினாடி ஆனால் ஆகட்டுமே என்று தோன்றும். ஆனால் என் அனுபவத்தில் நல்ல முகம் வருவது ஃப்ளாஷ் அடித்த அடுத்த நொடியில்தான். கேமராவைப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவர், வெளிச்சம் அடித்ததும் "அப்பாடா, முடிந்தது" என்று மூச்சை விடுவார். தோள் இறங்கும், உதட்டோரம் தளரும், கண்ணில் அவருடைய இயல்பு தெரியும். அந்த நொடியில் அழுத்தும்போது லைட் தயாராக இல்லையென்றால் கிடைப்பது இருட்டுப் படம். முழு பவரில் ஒன்றரை வினாடிக்குள் நிறையும் லைட் என்றால் நல்லது. அதைவிட முக்கியமாக, நீங்கள் வேலை செய்யப்போவது கால் பங்கு, 1/8 பவரில். அங்கே எந்த நல்ல லைட்டும் அரை வினாடிக்குள் தயாராகிவிடும். ஆக 200ஐ எப்போதும் முழுக்க அடித்துக்கொண்டிருப்பதைவிட அதே வெளிச்சத்துக்கு 400ஐப் பாதி பவரில் ஓட்டுவது சௌகரியம். 400 நன்றாக இறங்கக்கூடியதாக இருந்தால் அதை நான் பரிந்துரைப்பதும் இதனால்தான்.

ஃப்ளாஷ் டியூரேஷன், அதாவது ஒருமுறை அடிக்கும் வெளிச்சம் நீடிக்கும் நேரம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். குதிக்கும் நடனக் கலைஞர், சிதறும் தண்ணீர், பறக்கும் முடி இதையெல்லாம் உறைய வைக்க நினைப்பவருக்குத்தான் அது பெரிய விஷயம். ஒரே ஒரு எச்சரிக்கை: பெட்டியில் போடுவது பெரும்பாலும் டி 0.5 என்ற அளவு. அதாவது உச்ச வெளிச்சத்தில் பாதிக்கு மேல் இருக்கும் நேரம். மிச்ச வெளிச்சம் அதற்குப் பிறகும் வால்போல நீளும். அதையும் சேர்த்து அளக்கும் டி 0.1, சாதாரண மோனோலைட்டுகளில் அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. உட்கார்ந்திருப்பவரின் படத்துக்கு எதுவானாலும் போதும்.

நிறமும் அப்படித்தான். மலிவான லைட்டுகளில் பவரைக் கூட்டிக் குறைக்கும்போது நிறம் லேசாக நீலம் பக்கமோ மஞ்சள் பக்கமோ சாயும். ஒரே லைட் வைத்து, பவரை நிறுத்தி வைத்து எடுக்கும்போது வைட் பேலன்ஸில் ஒருமுறை சரிசெய்தால் முடிந்தது. இரண்டு மூன்று லைட்டுகளை வேறு வேறு பவரில் கலக்கும் நாள் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ட்ரிக்கரை அந்த லைட்டின் கம்பெனியிலிருந்தே, உங்கள் கேமராவுக்கான மாடலாகப் பார்த்து வாங்குங்கள். ஸ்டாண்டை மேலே உயர்த்திய பிறகு பவரை மாற்ற எட்டிப் பிடிக்க வேண்டியதில்லை, கையிலிருந்தே மாற்றலாம். கேமராவே ஃப்ளாஷ் பவரைக் கணக்கிடும் டிடிஎல் வசதி இல்லாவிட்டால் பரவாயில்லை. ஸ்டூடியோவில் ஆளும் லைட்டும் இடம் மாறுவதில்லை. மேனுவலில் ஒருமுறை பவர் வைத்தால் நூறு படமும் ஒரே மாதிரி வரும். மிக வேகமான ஷட்டரிலும் ஃப்ளாஷ் அடிக்க வைக்கும் ஹை ஸ்பீட் சிங்க், பகலில் வெளியே அப்பர்ச்சரைத் திறந்து எடுக்க உதவும். ஆனால் இரண்டு ஸ்டாப்போ அதற்கு மேலோ பவரைத் தின்றுவிடும். அறைக்குள் அது தேவையே இல்லை. ஷட்டரை உங்கள் கேமராவின் சிங்க் ஸ்பீடுக்குள் (ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம்), அதாவது பெரும்பாலும் 1/200 அல்லது 1/250க்குள் வையுங்கள். தாண்டினால் படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டையாக வரும். லைட் பழுது என்று பயந்துவிட வேண்டாம்.

மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்கள் முதல் நாள் திகைக்கும் விஷயம் ஒன்று உண்டு. ஸ்டூடியோ செட்டிங் வைத்ததும் வியூஃபைண்டர் முழுக்க இருட்டாகிவிடும். கேமரா "இந்த செட்டிங்கில் அறை வெளிச்சம் இப்படித்தான் பதியும்" என்று உண்மையைக் காட்டுகிறது, ஃப்ளாஷ் வரப்போவது அதற்குத் தெரியாது. மெனுவில் எக்ஸ்போஷர் ப்ரிவ்யூ அல்லது சிமுலேஷன் என்று இருப்பதை அணைத்துவிட்டால் சரியாகிவிடும். சைலன்ட் ஷட்டர் ஓடிக்கொண்டிருந்தால் பெரும்பாலான கேமராக்களில் ஃப்ளாஷ் அடிக்கவே அடிக்காது. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, கிட் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு லைட் கிட் வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அதில் பணம் போவது எண்ணிக்கைக்கு. ஸ்டாண்ட் இரண்டும் மெல்லிய குழாய், உயர்த்தினால் ஆடும். சாஃப்ட்பாக்ஸ் 50க்கு 70 சென்டிமீட்டர் அளவில் சிறியதாக இருக்கும். அப்புறம், இரண்டு லைட் கையில் இருந்தால் இரண்டையும் போட்டே ஆகவேண்டும் என்று தோன்றும். இடது ஒன்று, வலது ஒன்று என்று வைத்து எடுத்த முகத்தில் வடிவம் காட்டும் நிழல் இருக்காது. மூக்குக்கு இரண்டு பக்கமும் இரண்டு நிழல், கண்ணில் இரண்டு வெள்ளைப் புள்ளி. அடையாள அட்டைப் படம்போல இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்துப் பழகியவர் நீங்கள். ஜன்னல் ஒரு பக்கம்தானே இருந்தது? அதே கண்ணோடு ஒரே லைட்டில் ஆரம்பியுங்கள். மறுபக்க நிழல் ரொம்ப அடர்த்தியாக இருந்தால் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையை அந்தப் பக்கம் நிறுத்துங்கள். இன்னும் அடர்த்தி வேண்டுமென்றால் அங்கே கறுப்புத் துணி தொங்க விடுங்கள்.

கிட்டில் மிச்சமாகும் பணத்தை சாஃப்ட்பாக்ஸில் போடுங்கள். 90 முதல் 120 சென்டிமீட்டர் வரையிலான எண்கோண வகை முதல் பாக்ஸுக்குச் சரியாக இருக்கும். மென்மை என்பது முகத்திலிருந்து பார்த்தால் லைட் எவ்வளவு பெரியதாகத் தெரிகிறது என்பதைப் பொறுத்தது. 120 சென்டிமீட்டர் பாக்ஸ் ஒரு மீட்டரில் இருந்தால் நல்ல ஜன்னல். அதையே நான்கு மீட்டர் தள்ளினால் அது ஒரு சிறிய லைட், நிழலின் ஓரம் வெட்டியதுபோல விழும். அதனால் பாக்ஸைப் பக்கத்தில் கொண்டு வாருங்கள், ஃபிரேமுக்கு வெளியே ஒட்டி நிற்கும் அளவுக்கு.

பக்கத்தில் கொண்டு வருவதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். பாக்ஸ் முகத்துக்கு ஒரு மீட்டரில், சுவர் முகத்துக்குப் பின்னால் இன்னொரு மீட்டரில் என்றால், சுவர் முகத்தைவிட இரண்டு ஸ்டாப் இருட்டாக விழும். வெள்ளைச் சுவரே சாம்பல் நிறமாகிவிடும். பாக்ஸை மூன்று மீட்டருக்குத் தள்ளினால் அதே சுவர் ஒரு ஸ்டாப்கூட இறங்காது. ஒரே அறையில் ஒரே சுவரை வைத்துக்கொண்டு பின்னணியை மாற்றிக் காட்டலாம் என்பதை நான் முதன்முதலில் பார்த்த நாள் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. இப்படிப் பக்கத்தில் வைப்பதால்தான் குறைந்த பவர் தேவைப்படுகிறது, அதனால்தான் இறங்கும் லைட் வேண்டும் என்று முதலிலிருந்து சொல்லி வருகிறேன்.

சிறிய அறையில் சுவரும் லைட்தான். வெள்ளைச் சுவர், தாழ்ந்த கூரை என்றால் பாக்ஸிலிருந்து சிதறும் வெளிச்சம் எல்லாப் பக்கமும் பட்டுத் திரும்பி நிழலை நிரப்பிவிடும். பச்சையோ மஞ்சளோ அடித்த சுவரென்றால் அந்த நிறம் கன்னத்தில் ஏறும். பாக்ஸோடு துணிக் கிரிட் வந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெளிச்சம் பக்கவாட்டில் சிதறாமல் பிடித்து வைக்க அதுதான் வழி.

ஸ்டாண்டுக்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். லைட்டும் 120 சென்டிமீட்டர் பாக்ஸும் சேர்ந்து உச்சியில் நான்கு கிலோகூட இருக்கலாம், அது உங்களை நம்பி உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேல் நிற்கிறது. தடித்த குழாய், அகலமாக விரியும் கால், காலில் ஒரு மணல் மூட்டை. மூன்று கால்களில் ஒன்று பாக்ஸ் நீட்டிக்கொண்டிருக்கும் திசையில் இருக்கட்டும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா? நல்ல கம்பெனி லைட் என்றால் வாங்கலாம். முன் துணியைக் கழற்றிக் குழலைப் பாருங்கள், முனைகள் கறுத்துப் போயிருந்தால் நிறைய அடித்தது. முழு பவரில் இருபது முறை விடாமல் அடித்துப் பாருங்கள், ஒவ்வொரு படமும் ஒரே வெளிச்சத்தில் இருக்கிறதா என்று கேமராவில் சரிபாருங்கள். ரொம்பப் பழைய ஃப்ளாஷ் என்றால் கேமராவோடு ஒயரில் இணைக்காதீர்கள். அவற்றில் சில சிங்க் ஒயரிலேயே 200 வோல்ட்டுக்கு மேல் அனுப்பும், இன்றைய கேமராவின் சர்க்யூட் அதைத் தாங்கும் என்று நம்ப முடியாது. வயர்லெஸ் ட்ரிக்கர் வைத்தால் கேமராவுக்கு அந்த ஆபத்து இல்லை.

எந்தக் காரணத்துக்காகவும் லைட்டைத் திறந்து பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டருக்குள் உயிரை வாங்கும் அளவு மின்சாரம் நிற்கும். குழலை மாற்றும்போது அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, துணியால் பிடித்து மாற்றுங்கள், விரல் படக் கூடாது. எடுத்துச் செல்லும்போது போடும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றாமல் ஹாலஜன் மாடலிங் லாம்பைப் போட்டால் மூடி உருகிவிடும். மாதக்கணக்கில் சும்மா வைத்திருந்தால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, குறைந்த பவரில் தொடங்கிக் கொஞ்ச நேரம் அடித்து வையுங்கள். கெப்பாசிட்டருக்கு அது நல்லது.

லைட் வந்து சேர்ந்த அன்று இதைச் செய்யுங்கள். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/160, அப்பர்ச்சர் எஃப் 5.6. ட்ரிக்கரை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள், முழுக் கறுப்பாக வர வேண்டும். அறை வெளிச்சம் எதுவும் படத்தில் கலக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. கறுப்பாக வரவில்லையென்றால் ஜன்னல் திரையை இழுத்து மூடுங்கள். பிறகு ஒருவரை உட்கார வைத்து, பாக்ஸை ஒரு மீட்டரில், கண்மட்டத்துக்குச் சற்று மேலே, முகத்துக்கு 45 டிகிரியில் நிறுத்தி, 1/16 பவரில் தொடங்கி முகம் சரியாக விழும் வரை ஏற்றவோ இறக்கவோ செய்யுங்கள். அதற்கப்புறம் கேமரா செட்டிங்கைத் தொடாதீர்கள். பாக்ஸை மட்டும் அரை மீட்டர், ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று நகர்த்தி, பவரை மட்டும் அதற்கேற்பச் சரிசெய்து ஒவ்வொன்றிலும் ஐந்து படம் எடுங்கள். எல்லாவற்றையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூக்கின் நிழல் ஓரத்தையும், கண்ணுக்குள் இருக்கும் வெள்ளைப் புள்ளியையும், பின்னாலிருக்கும் சுவரையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மாதம் இப்படி எடுத்த பிறகு இரண்டாவது லைட் வேண்டுமா என்று யோசித்தால், அது முடிக்கா, தோளுக்கா, சுவருக்கா என்று உங்களுக்கே சொல்லத் தெரியும்.